ஆறாவது மலர்வளையம்

பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டினாற்போல் இருக்கும் அந்தக் கடையில் சந்தோஷத்துக்குப் பூ விற்பதில்லை. பிறந்தநாளுக்குப் பூச்செண்டு கேட்டு யாராவது வந்தால், "எதிர்ச்சாரியில போய்க் கேளுங்க. நம்மகிட்ட வந்தா நேரா வழியனுப்புறதுதான்" என்று சிரிக்காமல் சொல்லி அனுப்புவாள் அக்கா.

எல்லோருக்கும் அவள் அக்காதான். தலை முழுக்க நரைத்த பக்கத்துக் கடை மைக்செட்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அந்தச் சொல்லை முதன்முதலில் அவளுக்குக் கொடுத்தவன் ஒருவன் உண்டு. அம்மா கண்ணை மூடியபோது தவழ்ந்துகொண்டிருந்த தம்பி. அவனைத் தூளியில் போட்டு, தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே பிரம்பை வளைத்து, வைக்கோல் சுற்றி, இலை கட்டி, கம்பியில் பூக்குத்தி மலர்வளையம் செய்தாள். தன் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் முளைச்சு மூணு இலை விடட்டும்" என்று தட்டிக் கழித்தாள். அவன் வளர்ந்தான். ராணுவத்தில் சேர்ந்தான். அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். அக்காவுக்கு வயதாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபர் பத்தொன்பது.

மன்னர் காலத்தில் நம் படை ஆற்றைக் கடந்து எதிரியை விரட்டியது அந்தத் தேதியில். பல தலைமுறை கழித்து, முற்றுகையில் பட்டினி கிடந்த கோட்டை மீண்டதும் அதே தேதியில். இரண்டும் தற்செயல்தான். மூன்றாவதாக வந்த தளபதி அதைத் தற்செயல் என்று விடவில்லை. வேண்டுமென்றே அதே நாளில் பாலத்தைத் தாக்கினார், பிடித்தார். அதன்பிறகு துறைமுகம். அப்புறம் கணவாய். ஐந்து போர், ஐந்து வெற்றி, ஒரே தேதி! வருஷா வருஷம் அன்று மைதானத்து நினைவுத்தூணில் ஐந்து மலர்வளையங்கள் வைப்பார்கள். ஐந்தையும் கட்டிக் கொடுப்பது அக்கா.

தம்பி கடைசியாகப் போனில் பேசியதும் அந்தத் தேதியைப் பற்றித்தான்.

"அக்கா, சுண்ணாம்பு மேட்டுக்குக் கீழ இருக்கோம். மேல காவலே இல்ல. இப்ப ஏறினா சுலபமா பிடிச்சிடலாம்."

"அப்புறம் என்னடா?"

"பத்தொன்பதாம் தேதி வரைக்கும் பொறுக்கச் சொல்லி உத்தரவு. ராசியான தேதியாம்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா அவங்களுக்கு? பூத்த பூ ஒரு வாரம் காத்துக்கிட்டிருக்குமாடா?"

"நீ தளபதி ஆகியிருக்கணும்க்கா. வளையத்தையே குண்டு மாதிரி வீசுவ." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு தொடர்பு அறுந்தது.

அவர்கள் காத்திருந்த நாட்களில் எதிரி மேட்டின்மேல் பீரங்கிகளை ஏற்றிவிட்டான். ராசியான காலை விடிந்தது. ஏறினார்கள். திரும்பியவர்கள் சிலர்தான். கண்ணிவெடி புதைந்த அந்தச் சரிவிலிருந்து உடல்களைக்கூட எடுக்க முடியவில்லை. தோற்றுப்போன சண்டையை யார் மேடையில் சொல்வார்கள்? தேதியின் பெருமை கெட்டுவிடாதா? சுண்ணாம்பு மேடு என்ற பெயர் யார் வாயிலும் வரவில்லை.

அடுத்த வருஷம் அக்கா ஐந்தோடு ஆறாவதாக ஒன்றைக் கட்டினாள். வெள்ளை ரிப்பனில் 'சுண்ணாம்பு மேடு' என்று தன் கையால் எழுதிக் கட்டி, மைதானத்துக்கு எடுத்துப் போனாள்.

விழா அதிகாரி தலையைச் சொறிந்தார். "இது வெற்றி நாள் விழாம்மா. தோத்ததுக்கு வளையம் வைக்க எனக்கு உத்தரவு இல்ல."

"செத்தவனுக்குத்தானே சார் வளையம்? ஜெயிச்சவனுக்கு எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. ரிப்பனைக் கசங்காமல் அவிழ்த்து, மடித்து, அவள் கையில் கொடுத்தார். அக்கா வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ரிப்பனைத் திரும்பக் கட்டி, தம்பி போட்டோ தொங்கும் ஆணியிலேயே படத்தைச் சுற்றி மாட்டினாள். அது சருகாகி, பழுப்பேறி, அடுத்த அக்டோபர் வரை அங்கேயே கிடந்தது. அப்புறம் வருஷம் தவறாமல் இதே கதைதான். ஐந்து தூணுக்கு, ஒன்று வீட்டுக்கு.

"அண்ணி, எத்தனை வருஷம் இப்படி அவமானப்படுவீங்க?" என்பாள் தம்பி மனைவி. புருஷன் போனபின் அவளும் கடையில்தான் நூல் சுற்றுகிறாள்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவங்க வாயால மைக்ல சொல்லட்டும். இங்கயும் செத்தாங்கன்னு. அப்புறம் நான் கேட்கவே மாட்டேன்டி."

இந்த வருஷம் நடந்ததுதான் கொடுமை.

விழாவுக்கு முந்தின வாரம் அதிகாரியே கடைக்கு வந்தார். "இந்தத் தடவை ஆறு கட்டிடுங்கம்மா" என்றார்.

அக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது. "ஆறா சார்? ரிப்பன்... நான் எழுதிடவா?"

"அதெல்லாம் ஆபீஸ்லயே கொண்டு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அக்கா சுவரில் சாய்ந்து அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள். மைக்செட்காரர் ஓடி வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் முகம் முழுதாக மலரவில்லை.

"எதுக்கும் எந்தச் சண்டைக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கக்கா. போன வருஷம்கூட ஏதோ எல்லையில..."

"உன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! நல்லது நடக்கிறப்ப கரகரன்னு உன் மைக் மாதிரியே கத்தாத."

விழா நாள் காலையில் ஆணியிலிருந்த சருகு வளையத்தை எடுத்தாள். இலைகள் பொடியாக உதிர்ந்தன. "இனிமே இது உனக்கு வேண்டாம்டா ராஜா. ஊரே உனக்கு வைக்கப்போகுது" என்று படத்திடம் சொல்லிவிட்டு, பழைய ரிப்பனோடு சேர்த்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். சந்தைக்குப் போய் வாடாத வெள்ளைப் பூவாகப் பொறுக்கினாள். ஐந்து வளையங்களையும் முடித்து, மிச்சம் மீதி இல்லாமல் அத்தனை பூவையும் ஆறாவதில் குத்தினாள். கம்பி விரலைக் கிழித்தது. துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

மைதானத்தில் வளையம் வைக்க ஆறு தாங்கிகள் நின்றன. அதிகாரி ஒவ்வொன்றிலும் ரிப்பன் கட்டிக்கொண்டே வந்தார். கூட்டத்தைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் தம்பி மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா எட்டிப் பார்த்தாள். ஆறாவதில் ரிப்பன் விரிந்தது.

'எல்லைச் சாவடி.'

போன வருஷம் இதே தேதியில் பிடித்த சாவடி. வெற்றி! ஒலிபெருக்கியில் ஆற்றில் தொடங்கி வரிசையாகப் பெயர்கள் முழங்கின. கணவாய்க்கு அடுத்து, சுண்ணாம்பு மேட்டைத் தாண்டிக் குதித்து, சாவடிக்கு வந்து நின்றது குரல். "இன்று அதிகாலையிலும் இதே ராசியான நாளுக்காகக் காத்திருந்து நம் வீரர்கள் புறப்பட்டிருக்கிறார்கள்!" என்றது. கூட்டம் கைதட்டியது. விழாவுக்கு மைக் கட்டியிருந்த மைக்செட்காரர் தன் பெட்டியின் முன் தலைகுனிந்துகொண்டார்.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. 'காத்திருந்து' என்ற அந்தச் சொல் அவள் நெஞ்சில் கம்பியாக இறங்கியது. இன்று யார் வீட்டுத் தம்பியோ!

விழா கலைந்ததும் அதிகாரியை மறித்தாள். "சார், என் தம்பி?"

அவர் திகைத்தார். "நான் அப்படிச் சொல்லலையேம்மா." உண்மைதான். அவர் சொல்லவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு தாய் தள்ளாடி வந்தாள். சாவடியில் மகனைப் பறிகொடுத்தவள். "நீங்கதான் கட்டினீங்களாமே? எல்லாத்தையும்விட என் புள்ளைக்கு வச்சதுதான் நிறைஞ்சிருக்கு. நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அக்காவின் கிழிந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க வீட்லயும் யாராவது...?"

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையை அழுத்தினாள்.

"இல்லம்மா. நான் பூக்கட்டுறவ."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார்கள். முதன்முறையாக அக்கா வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். படம் மொட்டையாக நின்றது. வருஷக்கணக்காக வளையம் மறைத்திருந்த சுவர் மட்டும் அழுக்குப் படாமல், அவனைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிந்தது.

"அண்ணி... கடையில மிச்சப் பூ ஏதாவது?"

"எல்லாத்தையும் அதுலயே வச்சிட்டேன்டி."

தம்பி மனைவி செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினாள். குப்பை வண்டி மதியமே வந்து போயிருந்தது. ஓரத்தில் ஒரு சருகுகூட இல்லாமல் தொட்டியைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.