கூட்டினாலும் அழியாத ரெண்டு

தோல் தைக்கிற நமக்கு ஒரே சட்டம்தான்: ஊசி போட்ட ஓட்டை மூடாது. நூலைப் பிரிக்கலாம், ஓட்டை நிற்கும். திரும்பப் பிரிக்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மகள் எஸ்தர், போன கிறிஸ்துமஸ் லீவில். சென்னையில் குவாண்டம் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் அதை முடிக்கணும் என்று நான் முழங்காலில் நிற்கிறேன். கல்யாணத்தை முடிக்கணும் என்று என் தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான்.

கம்பெனி பஸ்ஸில்

மாதனூரில் ஏறியதும் பக்கத்து மெஷின் நசீமா அக்கா கேட்டார், "உன் பொண்ணு இன்னாதான் படிக்குது?"

"கம்ப்யூட்டர்ல எந்த எண்ணா இருந்தாலும் பூஜ்யம், ஒண்ணு வச்சுத்தான் எழுதுவாங்களாம்க்கா. ஒரு இடத்துல ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும். இவ கணக்குல ஒரே இடத்துல ரெண்டும் கலந்தே இருக்குமாம். பல எண்ணை ஒண்ணா வச்சுக் கூட்டலாம். ஆனா எட்டிப் பார்த்தா ஒண்ணுதான் மிஞ்சும்."

அக்கா டிபன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அப்போ சூப்பர்வைசர் எட்டிப் பாக்குற வரைக்கும் என் டார்கெட் முடிஞ்சும் இருக்குது, முடியாமலும் இருக்குது. அந்தாளை வர வேணாம்னு சொல்லு!"

பூண்டுக் கணக்கு

லீவில் பூண்டு உரிக்கும்போது எஸ்தர் பல்லை வைத்தே காட்டினாள். ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சை மட்டும் வைத்துக்கொண்டால் எதிலிருந்து வந்தது என்று தெரியாது; ஒண்ணும் நாலும்கூட அஞ்சுதானே? அதனால் அஞ்சுக்குப் பக்கத்திலேயே முதலில் வைத்த ரெண்டை அழிக்காமல் விடணுமாம். அப்போதுதான் அஞ்சில் ரெண்டைக் கழித்து மூணுக்கு, வந்த வழியே திரும்பலாம்.

"எங்க தையல் லைன்ல இதெல்லாம் நடக்காதுடி" என்றேன்.

"தெரியும்மா. அதான் நான் லைனுக்கு வரல."

பெண் கேட்டு வந்தவர்கள்

எஸ்தர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி வேலூரிலிருந்து ஒரு இடம் கூட்டி வந்தான். பையனின் அம்மா நல்ல மாதிரிதான். காபியைக் கையில் எடுத்துக்கொண்டே, "கல்யாணம் ஆனா இந்த ஆராய்ச்சியெல்லாம் விட்டுடும்ல?" என்றார். "விட்டுடுவா" என்றான் தம்பி, என்னைக் கேட்காமலே.

கர்த்தரே, பேச வாயைக் கொடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பேசினேன். "விட மாட்டா. நீங்க வந்து சேருங்க, சந்தோஷம். சேர்ந்தா அஞ்சாகட்டும். ஆனா எங்க ரெண்டை அழிக்க விட மாட்டேன்."

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, பொண்ணு கேட்டு வந்தா கணக்கு சொல்ற?"

காபி ஆறியது, தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை, எஸ்தர் மட்டும் திங்கட்கிழமை சென்னைக்குப் பஸ் ஏறினாள். என்னைக் கம்பெனி பஸ்ஸில் பார்த்தால் "இடம் அமைஞ்சுதா?" என்று கேட்காதீங்கம்மா, "அவ கூட்டல் சரியா வந்துச்சா?" என்று கேளுங்க.