இடிக்கு வந்த ஆன்லைன் கவுன்சலிங்

மைக் செட் கடைக்காரரை எல்லோரும் ‘இடி’ என்பார்கள். அவர் ‘மைக் டெஸ்டிங்’ சொன்னால் அடுத்த ஊர் நாய் எழுந்து உட்காரும். மனைவி இறந்துபோன பிறகு அவர் மகளின் முகத்தையே பார்ப்பதில்லை. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று மகளும் பேச்சை நிறுத்திவிட்டாள். இடியின் தங்கைதான் திட்டித் திட்டி ஆன்லைன் கவுன்சலிங்குக்கு ஏற்பாடு செய்தாள்.

இடி கடையில் உட்கார்ந்து, போனில் ஹெட்போனைச் சொருகி மாட்டிக்கொண்டார். மைக் பிடிக்காமல் அவருக்குப் பேச்சு வராது. அதனால் மேசையில் இருந்த மைக்கையும் எடுத்துக்கொண்டார். அது மொட்டைமாடிக் குழாய் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை மறந்துவிட்டார்.

“பொண்ணு மேல என்ன கோபம் சார்?” என்றார் கவுன்சலர்.

“கோபமா? அவ சிரிச்சா அப்படியே அவங்கம்மாதான், மேடம். பாத்தா அழுதுடுவேன். அதான் பாக்கறதில்ல.”

தெருவில் காய் எடைபோட்டுக்கொண்டிருந்தவர் தராசோடு அப்படியே நின்றுவிட்டார். மகள் வீட்டிலிருந்து ஓடிவந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

“மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா, ஊரே கேக்குது!”

“ஐயையோ! நீயும் கேட்டியா?”

“செவிடனுக்கே கேட்டிருக்கும்.” அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். “இப்ப பாருங்க. அழுகை வந்தா அழுங்க.”

இடி பார்த்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். கழற்றிய ஹெட்போனில் கவுன்சலர், “சார், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.