சேவியர் பார்க்காமல் போன விடை

சேவியரின் தங்கை போன் செய்தபோது நான் சிதம்பரத்தில் வகுப்பில் இருந்தேன். "அண்ணன் போயிட்டாருண்ணே. காலையில கூட, ரிசல்ட் வந்துச்சான்னு உங்கள கேக்கச் சொன்னாரு," என்றாள். பலகையில் பாதி எழுதிய சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவனை அறிந்த நண்பர்களே, உங்களுக்கு எங்கள் வேலையும் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஐரோப்பாவில் துகள்களை மோதவிடும்போது டாப் குவார்க் என்னும் நுண்துகள்கள் ஜோடியாகப் பிறந்து, கண்ணிமைப்பதற்குள் சிதைந்துவிடும். அங்கிருந்து வரும் பதிவுகளில் சிதறி ஓடும் எலக்ட்ரான்களின் திசைகளை வைத்து, ஒன்றை விட்டு மற்றதைத் தனியே விவரிக்கவே முடியாத குவாண்டம் பின்னலில் அந்த ஜோடி இருந்ததா என்று கணக்கிட வேண்டும். வரும் எண் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பின்னல் உண்டு. கடலூர் முதுநகரிலிருந்து காலை ரயிலில் வந்து, என் பக்கத்து மேசையில் ஆறு வருடம் அவன் செய்தது இதைத்தான்.

இதில் ஒரு கட்டுப்பாடு. கணக்கிடும் முறை சரியென்று ஆய்வுக் குழு அனுமதிக்கும்வரை உண்மையான விடையைப் பார்க்கக் கூடாது. ஒருமுறை அவசரப்பட்டு விடையின் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டேன். மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட்டான். "பாத்த கண்ணு அப்புறம் நேர்மையா இருக்காது மச்சான். நீ நல்லவன்தான், கண்ணு அப்படி இல்ல." ஒரு வாரம் நான் பேசவில்லை. எட்டாம் நாள் கேண்டீனில் என் தட்டிலிருந்த வடையை எடுத்துத் தின்று, சண்டையை அவனே முடித்துவைத்தான்.

கடைசியாகக் கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான். "மச்சான், தொறந்து என்னன்னு சொல்லேன். அனுமதி வர்ற வரைக்கும் இருப்பனான்னு தெரியல," என்றான். லேப்டாப் என் பையிலேயே இருந்தது.

"சும்மா கெட. பாத்த கண்ணு நேர்மையா இருக்காதுன்னு நீதான சொன்ன? அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

சிரித்தான். "சரிடா, கறாராவே இரு," என்றான். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அனுமதி வந்தது. தனியாகத் திறந்தேன். எண் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. பின்னல் உண்டு. வாழ்த்துகள் வந்து குவிந்தன. எதற்கும் பதில் போடவில்லை. இந்த வேலையில் இனி எனக்கு மகிழ்ச்சி வருமென்று தோன்றவும் இல்லை.

மேற்கொண்டு வேலை செய்யப்போகிறவனின் கண்ணுக்குத்தான் அந்த விதி. ஆஸ்பத்திரியில் கிடந்த சேவியர் இனி எந்தக் கணக்கைத் தொடப்போகிறான்? அன்று திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டு, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கறார் ஒன்றைத்தான். அவன் என்னிடம் கேட்ட ஒரே தடவை, அதையே அவனிடம் காட்டினேன்.