கடைசி ஆல்பமும் சம்பூர்ணத்தின் அண்டாவும்

சிறுசேரி கம்பெனி வேனில் முதல் நாள் கடைசியாக ஏறிய எனக்கு, டிரைவர் பக்கத்து சீட்டுதான் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அடையாள அட்டையை வீட்டிலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். டிரைவர் அதைப் பார்த்தான்.

"இன்னா சார், வண்டிலயே வேலய ஆரம்பிச்சிட்டியா?"

பிறகு ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி பாட ஆரம்பித்தான். அவன்தான் ஸ்டான்லி. ஒரு மாதத்தில் 'சார்' போய் 'மச்சான்' ஆனேன்.

செங்கல்பட்டில் அவனும் இரண்டு நண்பர்களும் 'நாலாவது பிளாட்பாரம்' என்று ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். கிடாரும் பாட்டும் கார்த்தி. டிரம்ஸ் ஆகிப். ஸ்டான்லிக்கு பேஸ் கிடாரும், கார்த்தி மூச்சு வாங்கும் இடங்களில் "ஓ... ஓ..." போடுகிற பொறுப்பும். ஒன்பது வருஷம், இரண்டு ஆல்பம். அந்த 'ஓ' தவிர அவன் குரல் எதிலும் கிடையாது.

போன வருஷம் கார்த்திக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கடைசியாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துவிடலாம் என்று முடிவானது. அதன் கடைசிப் பாட்டை ஸ்டான்லியே எழுதிப் பாடட்டும் என்று கார்த்தி பெரிய மனது பண்ணினான். எல்லாரையும் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்புகிற டிரைவரின் பாட்டு.

"ஒரே பாட்டு மச்சான். இது என் புள்ளயோட தொண்டைன்னு எங்கம்மா சொல்லணும். அது போதும்."

ஆகிப்பின் அப்பா சௌகத் அலிக்குத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் கல்யாண மண்டபம். ஆடியில் ஈ ஓட்டும். "நாலு ஞாயித்துக்கெழமையும் நம்ம ஸ்டுடியோ அதான்" என்றான் ஆகிப். வெளிச்சத்தம் வராமலிருக்க மாப்பிள்ளை அறை மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

ஆகிப்புக்கு ஆடி என்றால் காலி மண்டபம். கார்த்திக்குத் துணிக்கடைத் தள்ளுபடி. ஸ்டான்லிக்கு வேனைச் சாய்க்கிற காற்று. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி அம்மன் கோயில் இருப்பதும், அங்கே கடைசி ஞாயிறு கூழ் ஊற்றுவதும், ஊற்றினால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் மூன்று கலைஞர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பட்டதாரி என்பதால் ஆல்பத்துக்கு முன்னுரை கேட்டிருந்தார்கள். நான் அந்த மிதப்பில் இருந்தேன்.

முதல் மூன்று ஞாயிறுகளில் கார்த்தியின் பாட்டுகள் சுத்தமாகப் பதிவாயின. கடைசி ஞாயிறு ஸ்டான்லியின் முறை. கண்ணை மூடிப் பாடினான். இரண்டாவது சரணத்தில் குரலை இறக்கி, ஒரு கணம் நிறுத்தினான். மெத்தைகளைத் துளைத்துக்கொண்டு வந்தது:

"சம்பூர்ணம் அக்கா, எங்க கீற? உன் அண்டா மைக்காண்ட கீது. வந்து எடுத்துனு போ!"

எட்டு முறை பாடினான். எட்டு முறையும் சம்பூர்ணம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கார்த்திக்கு விமானம். "இருக்கட்டும்டா, பாலிஷ் போடாம 'ரா'வா கீது" என்று அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டான்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பாட்டு இணையத்தில் ஓடியது. 'இல்லாதவளைத் தேடும் மண்ணின் குரல்' என்று சென்னை விமர்சகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதினார். அண்டாவுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். பாடியவன் பெயர் இல்லை.

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் வெளியீடு. அறுபது பேர் வந்திருந்தார்கள். அந்த பேண்டுக்கு அது மாநாடு. கார்த்தி வீடியோவில் கை தட்டினான். ஸ்டான்லி பாடி, அந்த இடத்தில் நிறுத்தியதும் அறுபது பேரும் போனைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள்: "சம்பூர்ணம் அக்கா, எங்க கீற?" சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

முன்வரிசையில் அவன் அம்மா காசியம்மாள். நேராக அங்கே போனான்.

"எப்டிம்மா கீது?"

"நல்லா கீதுடா. ஆமா, அந்தப் பொம்பள அண்டாவ எடுத்துனு போச்சா, இல்லியா?"

"போச்சும்மா. என் தொண்ட எப்டி கீதுன்னு கேட்டேன்."

"எங்க கேக்க வுட்டானுங்க? வூட்ல வந்து பாடு."

ஸ்டான்லி இப்போதும் அதே சிறுசேரி வேனைத்தான் ஓட்டுகிறான். பேண்ட் இல்லை. பேஸ் கிடார் ஆகிப்பின் மண்டபத்தில், மெத்தைகளோடு இருக்கிறது. பாட்டை வீட்டில் அம்மாவுக்கு இரண்டு முறை பாடிக் காட்டிவிட்டான்.