ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி பஸ்

எங்கள் அத்தான் கோலப்பனுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். ஆனால் நேரம் பார்ப்பார். முடிவெட்டப் போகவும் பார்ப்பார், வெட்டிய தலையோடு வீட்டுக்குள் நுழையவும் பார்ப்பார். வெளியே கிளம்பினால் அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இந்த மனிதரோடு ஓர் இடத்துக்குப் போய்வருவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

அக்கா முத்தாரம்மாள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நடந்து போகிற புலியை ஒருதரம் அவரோடு போய்ப் பார்க்க வேண்டும். மிருகசாலையில் கம்பிக்குப் பின்னால் படுத்துத் தூங்குவதெல்லாம் அவளுக்குப் புலியில்லை. கல்யாணமான வருடமே கேட்டாள். நேரம் கூடிவர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

ஓண விடுமுறை ஞாயிறன்று அத்தான், அக்கா, மகள் ஆர்யா மூவரையும் கரமனையிலிருந்து என் காரில் ஏற்றிக்கொண்டேன். கல்லாறு போகும் வழியில் புலி உலவும் ஒரு வனப் பூங்கா. கம்பி வலை அடித்த பஸ்ஸில் உள்ளே கூட்டிப்போவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு.

"எமகண்டம் தொடங்கியாச்சு. ஒன்றரைக்கு மேல பாப்போம்" என்றார் அத்தான்.

ஒன்றரைக்குப் புளியோதரையைப் பிரித்தார். சாப்பிட்டவுடன் பஸ்ஸில் குலுங்கக் கூடாதாம். மூன்று மணிக்கு அடுத்த பஸ் வந்து நின்றது.

"இப்ப குளிகைல்லா மாப்ளே. குளிகைல நடக்கது திரும்பத் திரும்ப நடக்கும். புலி பாஞ்சா?"

"பாஞ்சா ஒருதரமே போதும் அத்தான்" என்றேன்.

நாலரைக்குக் கண்டக்டர் பத்மகுமார் சீக்கிரம் ஏறச் சொல்லிப் பஸ் கதவில் தட்டினார். "லாஸ்ட் டிரிப்பாணு சேட்டா. வேகம் கேறிக்கோ."

அத்தான் தாளை எடுத்துப் பார்த்தார். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்.

"நீங்க வாறியளா, இல்லியா?" என்றாள் அக்கா.

"ராகு காலத்துல எப்படிட்டீ ஏறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கி உள்ளே போட்டிருப்பேன். அக்கா ஏறினாள். பின்னால் நானும் ஆர்யாவும் ஏறினோம். அக்கா பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்து, கதவு மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வரவில்லை. புலி வந்தது.

திரும்பி வந்தபோது அத்தான் மரத்தடியில் புளியோதரைப் பாத்திரத்தைக் குரங்கிடமிருந்து காத்துக்கொண்டு நின்றார். ஆறு மணிவரை காரையும் எடுக்கவிடவில்லை. உள்ளேயே உட்கார்ந்து வெந்தோம்.

"புலி வந்துச்சாட்டீ? எப்படி இருந்துச்சு?"

"ராகு காலத்துல நல்லது பேசப்பிடாதுல்லா. ஆறு மணி ஆவட்டும்" என்றாள் அக்கா.

ஆறு மணிக்குக் காரைக் கிளப்பினேன். அத்தான் ஆசையாகப் பின்னால் திரும்பினார்.

"நல்லா நடந்து போச்சு. நின்னு எங்களப் பாத்துது" என்றாள் அக்கா. "புலிய டிவிலயும் பாக்கலாம். ஒங்க பக்கத்துல இருந்து பாக்கணும்னுதான் இத்தன வருசமா கேட்டது."

அத்தான் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுமங்காடு தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கசக்கி எறியப்போகிறார் என்றே நினைத்தேன். நீவி, மடித்து, திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.