அண்ணியின் வண்டிக்கு எழும்பும் கூரை

எங்கள் அண்ணி தையல் மெஷின் மெக்கானிக். பெரிய ஆலைகளில் அதற்கென்று தனி ஆட்கள் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பையும் திரைச்சீலையும் சீருடையும் தைக்கிற சின்னப் பட்டறைகளுக்கு அண்ணிதான். ஊர் ஊராகப் போவார். பட்டறை வளாகத்துக்குள்ளேயே வேனை நிறுத்தி, வேலை முடியும்வரை அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவார். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, உதிரிபாக இழுப்பறைகள், அவ்வளவுதான்.

அண்ணி நல்ல உயரம். அண்ணன் அவர் தோளுக்கு வருவார். வேனுக்குள் அண்ணன் ராஜா மாதிரி உலாத்துவார், அண்ணி கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்று குழம்பைக் கிளறுவார். வருடக்கணக்கில் அப்படி வளைந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு வலக்கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. திருகாணியைத் தொட்டே அளவு சொல்கிற விரல்கள் அவை.

கழுத்துக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "ஒண்ணு குனியறத விடுங்க, இல்ல வண்டிய விடுங்க."

உதிரிபாகக் கடைக்காரர் தன் கடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்கார்ந்தால் போதும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். ஆனால் அந்த நாற்காலிப் பேச்சை எடுத்தாலே அண்ணி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

நான் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். தப்பாக வெட்டி, திட்டு வாங்கி, திரும்ப வெட்டிக் கற்றுக்கொண்ட வேலை. இதற்கு முன் இருந்த பட்டறையை மூடியபோது அண்ணன் வீட்டில்தான் கிடந்தேன். "வேலை என்னாச்சு?" என்று அண்ணி ஒரு நாளும் கேட்கவில்லை. தான் போகும் ஊரிலெல்லாம் எனக்காக விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது, வேலை கிடைத்த பிறகு முதலாளி வாயால்தான் தெரிந்தது. அதனால் வேனுக்கு எழும்பும் கூரையை நானே போட்டுத் தருகிறேன் என்று சொன்னபோது, அதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூரை மாற்றுகிற கம்பெனியில் கேட்ட தொகைக்கு இன்னொரு வேனே வாங்கலாம். எங்கள் திட்டம் எளிமையானது. கூரையில் செவ்வகமாக ஒரு திறப்பை வெட்டுவது. விளிம்பைச் சுற்றி இரும்புச் சட்டம் கொடுப்பது. மேலே ஒரு மூடி. முன்பக்கம் கீல், பின்பக்கம் திறக்கும். சுற்றிலும் கேன்வாஸ் துணி.

நான் வெட்ட ஆரம்பித்தபோது அண்ணன் கீழே நின்று காதைப் பொத்திக்கொண்டார்.

"டேய், நல்லா இருக்கிற வண்டி மண்டையப் பொளக்கிறியேடா!"

"உங்க மண்டைய இல்லல்ல? சும்மா இருங்க" என்றார் அண்ணி.

கேன்வாஸ், பை தைக்கும் பட்டறையில் மிஞ்சிய துண்டுகள். கொசுவலையும் ஜிப்பும் இன்னொரு பட்டறை கொடுத்தது. அவர்களுடைய கனமான மெஷினிலேயே அண்ணி தைத்தார். தையலைத் தடவிக்கொண்டே, "இந்தத் துணி பைப் பட்டறை அக்கா தங்கச்சி குடுத்தது, இந்த வலை அந்தப் பெரியவர் குடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் மெஷின் நின்றபோதும் ஓடி வந்து சரிசெய்தவரை அவர்கள் யாரும் மறந்திருக்கவில்லை.

மூடியைத் தூக்கிப் பிடிக்க, காரின் பின்கதவில் இருக்குமே, அந்த கேஸ் ஷாக்குகளைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தோம். இருந்தவற்றில் பலமான ஜோடியாக எடுத்தேன். குளிர்ந்த காலையில் மாட்டிப் பார்த்தோம். விரலால் தொட்டதும் மூடி எழும்பியது, இழுத்ததும் இறங்கியது.

மத்தியானம் அதே மூடி இறங்க மறுத்தது. வெயிலில் உள்ளே இருக்கும் கேஸ் விரிந்து ஷாக் இன்னும் முறுக்கேறும். பஸ் கதவுகளில் தினமும் பார்க்கிற விஷயம். என் புத்திக்கு மட்டும் எட்டவில்லை. மூடியை இழுக்க அதில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து அண்ணி தொங்கினார். பாதம் தரையை விட்டு எழும்பியதே தவிர மூடி அசையவில்லை. அண்ணனும் சேர்ந்து இழுத்த பிறகுதான் இறங்கியது.

"நல்லதாப் போச்சு. இனிமே போற ஊருக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போகணும்" என்றார் அண்ணன்.

அண்ணி சிரிக்கவில்லை. தனியாகப் போகிறவர், தனியாக மூடமுடியாத கூரையோடு எங்கே போவது? இரண்டு கைகளையும் விரித்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலம் கம்மியானதாத் தேடுறேன் அண்ணி."

"அந்தக் கடையில மிச்சமிருந்ததெல்லாம் கேஸ் போனதுதானே தம்பி." வேனுக்குள் குனிந்து போய் ஷாக் மாட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். "கொழுந்தனாரே, இங்க வாங்க. மெஷின்ல துணிய அமுக்குற பாதத்த முழங்காலால தூக்குற கம்பி கனமா இருந்தா நான் ஸ்பிரிங்கையா மாத்துறேன்? கம்பி மாட்டுற இடத்தைத்தான நகத்துவேன்?"

எனக்குப் பொறி தட்டியது. ஷாக்கைக் கீல் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினால் தூக்கும் பலம் குறையும். ஆனால் மூடி இன்னும் மேலே போகும், துணி பத்தாது.

"துணி என் பாடு" என்றார் அண்ணி.

பழைய ஓட்டைகளை அடைத்து, புதிதாகத் துளைத்து மாட்டினேன். அண்ணி தையலைப் பிரித்து, சாம்பல் கேன்வாஸுக்குக் கீழே மஞ்சள் துணியில் ஒரு பட்டை சேர்த்தார். கிடைத்தது அந்த நிறம்தான். "பள்ளிக்கூட பஸ்ஸு" என்றார் அண்ணன். "ஏறாதீங்க, நீங்க படிப்ப முடிச்சாச்சு" என்றார் அண்ணி.

மறுநாள் உச்சி வெயிலில் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அண்ணி மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மூடி எழும்பியது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூடி மெதுவாக, தயங்காமல் இறங்கி, இரண்டு கொக்கிகளும் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே வருவார் என்று நின்றோம். வரவில்லை. மூடி மறுபடி எழும்பியது. துணிக்குப் பின்னால் அண்ணியின் குரல். உதிரிபாகக் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே. நீங்க கூப்பிட்டத மறக்கமாட்டேன். அந்த இடத்துக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க... இல்லண்ணே, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. வண்டிக்குள்ளருந்துதான் பேசுறேன். நின்னுக்கிட்டு."