என் காரைத் தள்ளிய ஒலிம்பிக் வீரர்

2001ஆம் ஆண்டு, மார்கழி மாதம். ஜெர்மனியில் விண்டர்பெர்க் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவிக்கு நிறைமாதம். ஒருநாள் காலையில் வலி தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று, ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் நானே காரை எடுத்தேன். பனிக்கால டயர்கூட மாற்றியிருக்கவில்லை.

பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றியது, கார் நகரவில்லை.

"ரயரை மாத்தச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்!" என்று மனைவி அழுதாள்.

அப்போது வீதியோரமாக ஓட்டப் பயிற்சி செய்துகொண்டு வந்த ஓர் இளைஞர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இரண்டாவது கியர் போடுங்கள். மேலே போகும்வரை நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினார். கார் மெல்ல ஏறியது. உச்சிக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், அவர் தொடையைப் பிடித்தபடி பனியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறக்கப் போனேன். 'போ, போ' என்று கையை வீசினார்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மகள் பிறந்தாள்.

மூன்று வாரம் கழித்து, நன்றி சொல்ல அவரைத் தேடினேன். அடையாளம் சொன்னதும் ஹோட்டல் முதலாளியம்மா உள்ளூர்ப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். அவர் ஒரு பொப்ஸ்லெட் வீரராம். பனிப்பாதையில் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, பாய்ந்து ஏறுகிறவர். பயிற்சியில் தொடைத் தசை கிழிந்து, வரவிருந்த குளிர்கால ஒலிம்பிக் வாய்ப்பை இழந்துவிட்டார் என்று போட்டிருந்தது. காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றே பயத்தம் பணியாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலுடன் வந்து கதவைத் திறந்தார். "என்னால்தானே..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் எனக்கு ஜெர்மன் வரவில்லை.

"குழந்தை சுகமா?" என்று கேட்டார். பிறகு சிரித்தார். "ஒலிம்பிக் நான்கு வருடத்தில் திரும்பவும் வரும். உங்கள் குழந்தை அதுவரை பொறுத்திருக்குமா?"

மூன்று பணியாரம் சாப்பிட்டார். நடந்ததை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். தொலைக்காட்சிக்கு முன்னால் மனைவி கைகூப்பியபடி, "கடவுளே, அந்தக் கால் தாங்க வேணும்" என்று முணுமுணுத்தாள். தாங்கியது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

இன்றும் யாருக்காவது சின்ன உதவி செய்துவிட்டு அதைப் பெரிதாகச் சொல்ல வாயெடுத்தால், அவர் நினைவு வந்து என் வாயை மூடிவிடுகிறது.